உவர் நிலத்தில் ஓர் அமுதக் குளம்: ஊருணி என்னும் அறம்

திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். தியாகேசர் திருக்கோயிலின் மேற்குப் பக்கத்தில் உள்ள கமலாலயத் திருக்குளம், கரையோரக் குடியிருப்புகள் பெருகியதால் இடம் குறைந்து சுருங்கிக் கிடப்பதை அறிந்து, அதனைத் தாமே கல்லி அகலமாக்கத் துணிந்தார். குளத்தின் நடுவே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, மறுபடியும் கயிற்றைப் பற்றிக்கொண்டே கரையேறிக் கொட்டினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தடுத்தவர்களோடு வாதாடவும் நேர்ந்தது. இறுதியில் ஆரூரன் திருவருளால் கண்ணொளியும் பெற்றார். பங்குனிச் சதயத்தன்று அவருடைய குருபூஜை நடைபெறுகிறது.

சேக்கிழார் பெருமான் அந்தக் கயிற்றையும் தறியையும் விடாமல் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. மாலை தொடுப்பது, விளக்கேற்றுவது, திருவலகிடுவது போலவே குளத்து மண்ணைச் சுமப்பதும் சரியைத் தொண்டுதான் என்பதை அவர் வேலையின் நுணுக்கத்தோடு காட்டியிருக்கிறார். அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தலையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். நாயன்மார் வரலாற்றில் தண்ணீர் ஒரு சிறிய செய்தியன்று.

திருவாரூர் காவிரி பாயும் நாடு. அங்கே குளம் சுருங்கினால் கோயிலின் அழகு குறையும். தெப்பத் திருவிழாவுக்கு இடையூறு நேரும். தெற்கே இராமநாதபுரத்துச் சீமையில் நிலைமை வேறு. அங்கே குளம் தவறினால் வீட்டில் அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இராது.

இராமநாதபுரம் மாவட்டத்தைப் பாலைவனம் என்று பேசுவோர் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது பொருந்தாது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே அங்கு மழை பெய்கிறது. இராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் பெய்வது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மழையைக் கொண்டே, 14ஆம் நூற்றாண்டில் அமைந்த கட்சீசர் ஏரி பல நூறு ஆண்டுகள் அந்நகருக்குக் குடிநீர் அளித்தது. தார்ப் பாலையின் கிராமங்களில், வட்டமாகச் சரித்துக் கெட்டிப்படுத்திய முற்றத்தின் நடுவே மூடிய நிலத்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் வந்து விழும் மழையை ஆண்டு முழுவதும் பருகுகிறார்கள். ‘டாங்கா’ என்பது அதன் பெயர். இராமநாதபுரத்துக்கு வாய்த்திருப்பது அதைப்போல் நான்கு மடங்கு மழை.

அப்படியானால் அங்கே தாகம் ஏன்? காரணங்கள் இரண்டு. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து தீர்ந்துவிடுகிறது. மூன்று மாத வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதக் குடும்பத்தை நடத்த வேண்டிய நிலை அது. மற்றொன்று, நிலத்தடியில் பெரும்பாலான இடங்களில் உவர்நீரே இருக்கிறது. மற்ற ஊர்களில் ஏரி வற்றினால் கிணறு கைகொடுக்கும். இங்கே கிணறு வெட்டினால் உப்பு. ஆழமாக வெட்டினால் இன்னும் உப்பு. ஆகவே வானத்திலிருந்து விழுந்த நீரை, அது உப்பு மண்ணுக்குள் இறங்கிவிடாமல் மேலேயே நிறுத்திக்கொள்வது ஒன்றுதான் வழி.

அந்த வழியைத்தான் முன்னோர் ஊருணி என்ற பெயரில் வகுத்தார்கள். ஊர் உண்ணும் நீர் ஊருணி. உலகம் விரும்ப வாழும் பேரறிவாளனுடைய செல்வத்துக்குத் திருவள்ளுவர் தேடிக் கண்ட உவமை, நீர் நிறைந்த ஊருணி. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் அந்தக் குறள் வருகிறது. நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறும் புறநானூற்றுப் பாட்டும் இந்த வறண்ட பாண்டி நாட்டின் குரல்தான்.

கண்மாய் வேறு, ஊருணி வேறு. கண்மாய் பாசனத்துக்கு உரியது. பரந்தது, ஆழம் குறைந்தது. ஊருணி குடிநீருக்கு மட்டுமே உரியது, சிறியது, ஆழமானது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஐம்பது மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம் உள்ள ஓர் ஊருணி நிரம்பினால் 75 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். ஐந்நூறு பேர் வாழும் ஊரில், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் எட்டு மாதத்துக்குத் தேவைப்படுவது 12 லட்சம் லிட்டர்தான். ஆனால் அதே எட்டு மாதத்தில் வெயில் குடிப்பது ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையாது; அதாவது 25 லட்சம் லிட்டருக்கு மேல். ஊர் குடிப்பதைப்போல் இரண்டு பங்குக்கும் அதிகமாகக் கதிரவன் குடித்துவிடுகிறான். இதே 75 லட்சம் லிட்டரை ஒரு மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு பரப்பில் தேக்கியிருந்தால் ஆவணி பிறக்கும் முன்பே அடிமண் தெரிந்துவிடும். மண்வெட்டியோடு நின்ற அந்நாளைய மனிதர்கள் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. குளத்தின் வடிவத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

வடிவத்தைப் போலவே ஒழுங்கும் முக்கியம். மழைநீர் ஓடிவரும் புறம்போக்கு மேட்டில் யாரும் அசுத்தம் செய்யலாகாது. வரத்துக்காலில் முதல் மழையின் கலங்கல் நீரை வெளியே திருப்பிவிட்டு, அடுத்து வரும் நீரையே உள்ளே விடுவார்கள். ஊருணிக்குள் இறங்குவோர் காலணியைக் கரையில் கழற்றிவிட வேண்டும். குளிப்பதும் துணி துவைப்பதும் கூடாது. ஆடுமாடுகளுக்கு வேறு குட்டை உண்டு. பல ஊர்களில் கரைமேல் ஆலும் அரசும் வேம்பும் வளர்த்து, அவற்றின் நிழலில் பிள்ளையாரையோ ஐயனாரையோ எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். தெய்வத்தின் கண் எதிரே தண்ணீரை அசுத்தம் செய்ய எவருக்கு மனம் வரும்? ஊர்க் கூட்டம் விதித்த அபராதத்தைவிட அந்தச் சந்நிதிக்கு இருந்த அச்சமே பெரிய காவலாக இருந்தது.

இத்தனை காத்தும் நீர் சற்றுக் கலங்கலாகவே இருக்கும். அதற்குத் தேற்றாங்கொட்டை இருந்தது. மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், சில நாழிகையில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கலங்கிய மனம் தெளிவதற்கு இதனை உவமையாகக் கலித்தொகை கூறுவதிலிருந்து, இதன் பழமை விளங்கும். இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் அது கிடைக்கிறது. கேட்டு வாங்குவோர்தாம் அருகிவிட்டார்கள். தெளிவது வேறு, கிருமி நீங்குவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். தெளிந்த நீரைக் காய்ச்சித்தான் பருக வேண்டும்.

மறைக்கக் கூடாத செய்தியும் ஒன்று உண்டு. எல்லா ஊருணியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஊர் உண்ணும் நீர் என்று பெயர் வைத்துவிட்டு, ஊரில் ஒரு பகுதியாரைப் படித்துறையில் இறங்க விடாமல் தூரத்தில் நிறுத்திய காலம் இருந்தது. பிறர் மனமிரங்கி ஊற்றும்வரை குடத்தோடு வெயிலில் காத்து நின்ற தாய்மார்கள் எத்தனையோ பேர். வள்ளுவர் சொன்ன ஊருணிக்கு அந்த வேலி இல்லை. பழைமையைப் போற்றும்போது அதனையும் சேர்த்துப் போற்றிவிடலாகாது.

இராமேசுவரத்துக்கு நடந்தே யாத்திரை போன காலத்தில் இந்தச் சீமையின் நீர்நிலைகளே யாத்திரிகர்களின் உயிரைக் காத்தன. சேதுபதி மன்னர்கள் சேதுப் பாதை நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். சத்திரம் என்றால் சோறு மட்டுமன்று. அதற்கு முன்னே தண்ணீர். காசியிலிருந்து கங்கைத் தீர்த்தத்தைச் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்யும் பக்தர்கள், அந்தக் கலசத்தில் ஒரு சொட்டையும் பருகாமல் இந்த உவர் நிலத்தைக் கடந்தார்கள் என்றால், வழியிலிருந்த குளங்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இராமேசுவரத் தீவில், திருக்கோயிலுக்குள்ளேயே இருபத்திரண்டு தீர்த்தங்கள் எப்படி வந்தன? தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள்ளேயே இருக்கும் வில்லூண்டித் தீர்த்தம் எப்படி நன்னீராக இருக்கிறது? சீதாபிராட்டியின் தாகம் தீர இராமபிரான் வில்லை ஊன்றிய இடம் அது என்பது தலபுராணம். நீரியல் அறிஞர் கூறுவதும் கேட்க இனிமையானது. மணல் தீவில் பெய்யும் மழை உள்ளே இறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது உப்பு நீரின்மேல் ஒரு வில்லை போல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது ஒரு விதி. ஆழமில்லாத கிணற்றில் வாளியால் இறைக்கும்வரை அந்த வில்லை கலையாது. ஆழ்துளை இறக்கி இயந்திரத்தால் உறிஞ்சினால், மேலே ஓர் அடி குறையும்போது கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏறிவரும். தீர்த்தம் என்று பெயரிட்டுக் குடத்தால் மட்டும் மொண்டு நீராடும் முறையை வைத்தவர்கள், அந்த வில்லைக்கும் சேர்த்தே காவல் வைத்தார்கள் என்று கொள்வதில் பிழையில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, தொலைவிலுள்ள காவிரி நீர் குழாய் வழியே இந்த மாவட்டத்துக்கு வருகிறது. அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் குழாய் வந்தவுடன் ஊருணியை மறந்ததுதான் கேடாக முடிந்தது. கடைமடையில் இருக்கும் ஊருக்குக் குழாயிலும் கடைசியாகத்தான் தண்ணீர் வரும். வழியில் உடைப்பு ஏற்பட்டாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ பல நாட்கள் வராது. அந்த நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெகுதூரம் செல்லும் பெண்களையும், காய்ந்த கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சுரக்கும் நீரைக் கிண்ணத்தால் மொண்டு குடம் நிறைக்கும் மூதாட்டிகளையும் முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் காணலாம். பணம் உள்ளவர்கள் வண்டியில் வரும் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். ஊருணியில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது. வரத்துக்கால் மேல் வீட்டு மனை ஏறியிருக்கிறது. கணக்கில் ஒரே ஒரு வரவினம் மட்டும் வைத்துக்கொண்டு, கையிருப்பை அழித்துவிட்ட குடும்பத்தின் நிலை இது.

தூர் வாருவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊருணியின் அடியில் நீர் இறங்காத களிமண் படுகை ஒன்று உண்டு. அதுதான் பாத்திரத்தின் அடிப்பாகம். அதற்குக் கீழே உவர் மண்ணும் உவர்நீரும் இருக்கின்றன. மண்வெட்டியால் வெட்டிய காலத்தில் களி தட்டுப்பட்டதும் நிறுத்தினார்கள். இயந்திரம் வந்தபின், ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்ற எண்ணத்தில் களியைத் தாண்டித் தோண்டிவிடுவது உண்டு. அடுத்த மழையில் ஊருணி நிரம்பும். தை மாதத்துக்குள் கீழே இறங்கிவிடும், அல்லது உப்புக் கரிக்கும். நல்லெண்ணத்தோடு செய்த திருப்பணி ஊரின் பாத்திரத்தில் ஓட்டை போட்டதாக முடியும். 2017ஆம் ஆண்டளவில் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு நீர்நிலைப் பணிகளை மீண்டும் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும் வேலை தொடங்கும் முன் அந்தந்த ஊரின் முதியவர்களைக் கரையில் நிறுத்தி, களி எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பது எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் முதல் வரியாக இருக்க வேண்டும்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஊர் மக்களைச் சங்கமாகத் திரட்டி, அவர்களுடைய பங்குத் தொகையையும் சேர்த்து ஊருணிகளைச் சீரமைத்து வந்திருக்கின்றன. பங்குத் தொகை வாங்குவது பணத்துக்காக மட்டுமன்று. தன் கையிலிருந்து நூறு ரூபாய் போட்டவர் அந்தக் கரையில் குப்பை கொட்ட மாட்டார். இப்போது சீரமைக்கும் ஊருணிகளில், நீருக்குள் காலை வைத்து மொள்ளாதபடி பக்கத்தில் ஓர் எடுப்புக் கிணறு அமைத்து, ஊருணிக்கும் கிணற்றுக்கும் இடையே சரளையும் மணலும் நிரப்பி வடிகட்டி வைக்கிறார்கள். கைப்பம்பை அடித்தால் வடிந்த நீர் வரும். படித்துறைச் சண்டைகளும் அதனால் குறையக்கூடும். பம்பின் முன்னே வரிசை ஒன்றுதான்.

வீடுகளுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்ததை அனைவரும் கண்டார்கள். ஆனால் சென்னையின் முறையை இராமநாதபுரத்தில் அப்படியே செய்வது பொருளற்றது. நிலத்தடி நன்னீராக இருக்கும் ஊரில் மழையைக் குழிக்குள் விட்டால், அது திரும்ப எடுக்கக்கூடிய சேமிப்பு. நிலத்தடி உவராக இருக்கும் ஊரில் குழிக்குள் விட்ட மழை, திரும்பி வராத கடன். அங்கே கூரை நீரைத் தொட்டியில்தான் பிடிக்க வேண்டும். ஓட்டு வீடுகளில் முற்றத்துத் தகரத் தாழ்வாரத்தின் கீழ் அண்டாக்களை வரிசையாக வைத்ததும், கூரையில்லாத இடத்தில் வெள்ளை வேட்டியை நான்கு கழியில் கட்டி நடுவே கூழாங்கல்லைப் போட்டு மழை பிடித்ததும் இதே அறிவுதான்.

நூறு சதுர மீட்டர் மாடி, அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 800 மில்லிமீட்டருக்கு 80,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால் எட்டு மாதத்துக்கு 12,000 லிட்டர் போதும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள தொட்டி அதற்குச் சரியாக இருக்கும். அது நிரம்ப 150 மில்லிமீட்டர் மழை வேண்டும். பருவத்தில் நான்கைந்து நல்ல மழையே போதும்.

பெரியவர்கள் உள்ள வீடுகளில் இதை நிறைவேற்றுவது எளிது, ஏனெனில் இதற்கு வேண்டியது பணத்தைவிடக் கவனம். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். மாடியில் செருப்போடு நடமாடுவதையும், புறாக்களுக்கு இரை போடுவதையும் அந்த மூன்று மாதம் நிறுத்தி வைப்பது நல்லது. இரையை வாசல் பக்கம் வைத்தால் புண்ணியம் குறைந்துவிடாது. பருவத்தின் முதல் மழையையும், அதன்பின் ஒவ்வொரு மழையிலும் முதல் சில நிமிட நீரையும் வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குக் குழாயில் ஒரு திறப்பு இருந்தால் போதும். பிறகு சரளை, கரி, மணல் ஆகியவற்றின் வழியே வடிந்து தொட்டிக்கு வர வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது. புகுந்தால் பாசி பிடிக்கும். வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். பருகும் நீரைக் காய்ச்ச வேண்டும். தொட்டி நிரம்பியபின் மிஞ்சுவதைத் தெருவில் விடாமல், பக்கத்தில் ஊருணி இருந்தால் அதன் வரத்துக்காலில் சேர்த்துவிடலாம்.

திருக்கோயில்களுக்கும் இதில் கடமை உண்டு. கருங்கல் மண்டபங்களின் மேல்தளம் எந்த வீட்டு மாடியையும்விடப் பெரியது. அதில் விழும் மழையைக் கல்தூம்புகள் வழியே பிராகாரத்துக்கும், அங்கிருந்து திருக்குளத்துக்கும் கொண்டுசென்ற வழிகள் பழைய கோயில்களில் இருந்தன. தரையை உயர்த்திப் புதுக் கல் பதித்தபோது சில கோயில்களில் அந்த வழிகள் அடைபட்டுப் போயின. மழை கோயிலுக்குள் தேங்க, குளம் வெளியே காய்கிறது. கும்பாபிஷேகத் திருப்பணிக் குழுவில் இருக்கும் அன்பர்கள், கோபுரத்துக்கு வண்ணம் தீட்டும் செலவைப் பேசும் நாளிலேயே, குளத்துக்குப் போகும் அந்தக் கல்வாய்க்கால் எங்கே புதைந்திருக்கிறது என்றும் தேடச் சொல்லலாம். ஐப்பசி மழையில் நனைந்தபடி பிராகாரத்தை ஒருமுறை சுற்றிவந்து, தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.